நிழலில்லாத களத்தில் கொளஞ்சியம்மாளின் சரவெடி

நடவு வயலில் கொளஞ்சியம்மாள் சிரித்தால் ஏரிக்கரையில் மேயும் எருமை தலைதூக்கிப் பார்க்கும். தியாகதுருகத்திலிருந்து உள்ளே போனால் வரும் மேலமாந்தூரின் காலனியில் பிறந்து, அதே காலனியில் வாழ்க்கைப்பட்டு, கணவனைப் பாம்புக்குப் பறிகொடுத்தவள். கரும்பு வெட்டியும் களை பறித்தும் ஒரே மகள் தங்கமணியை வளர்த்து ஆளாக்கினாள். யாருக்கும் பயந்தவள் இல்லை. ஆனால் நாற்பது வயது தாண்டியும் ஒரு வெடியைத் தன் கையால் கொளுத்தியது கிடையாது.

சிறுமியாக இருந்தபோது தீபாவளிக்கு மறுநாள் விடிந்ததும், ஊர்த்தெருவைக் கூட்டப் போகும் தாயோடு அவளும் ஓடுவாள். வெடிக்காமல் கிடப்பதைப் பொறுக்கிப் பிய்த்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிப் பற்றவைத்தால் 'புஸ்'ஸென்று எரிந்து அடங்கும். காலனிப் பிள்ளைகளின் தீபாவளி அவ்வளவுதான். அடுத்தவன் வெடித்த மிச்சம். தங்கமணியும் ஒரு வருடம் அப்படிப் பொறுக்கப் போய் விரல் பொசுங்கி வந்து நின்றாள். களிம்பு தடவிக்கொண்டே கொளஞ்சியம்மாள் சொன்னாள்: "ஒன் தலைதீபாவளிக்கு நம்ம கையால புதுச் சரம் வெடிக்கும்டீ. நானே கொளுத்துறேன், பாரு."

அந்தத் தலைதீபாவளி எண்பத்தேழில் வந்தது. முந்தின மாதம்தான் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்து ஓய்ந்திருந்தது. வெட்டிப்போட்ட புளியமரங்கள் திருக்கோவிலூர் சாலையோரம் இன்னும் கிடந்தன. ஊருக்கு ஊர் போலீஸ். மேலமாந்தூருக்கும் தெற்கத்திப் பக்கத்துப் போலீஸ்காரர் ஒருவரைப் போட்டிருந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் ஆதிமூலம் மறியலில் முன்வரிசையில் நின்றவர். படிப்பிலும் வேலையிலும் தன் மக்களுக்கு உரிய பங்கு வேண்டும் என்று தொண்டை கட்டக் கத்தியவர். நியாயமான கோரிக்கை. ஆனால் அதே தொண்டை காலனிப் பக்கம் திரும்பினால் வேறு குரலில் பேசும்.

முந்தின வருடம் ஆதிமூலத்தின் மச்சு வீட்டிலிருந்து பறந்த ராக்கெட் விழுந்து காலனியில் இரண்டு குடிசைகள் எரிந்தன. ராக்கெட் விட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வருடம் பஞ்சாயத்து கூடிக் கட்டுப்பாடு போட்டது. பெட்டிக்கடையில் வெடி விற்கக்கூடாது. கள்ளக்குறிச்சியில் லைசென்சு உள்ள கடையில்தான் வாங்க வேண்டும். கூரை, கீற்று, வைக்கோல் போர் எது இருந்தாலும் அதற்கு நூறு அடிக்குள் யாரும் வெடி வைக்கக்கூடாது. மீறினால் போலீஸ் பிடிக்கும். எரித்தவனுக்கு மச்சு, எரிந்தவனுக்குத் தடை!

தண்டோரா போடுகிறவன் கொளஞ்சியம்மாளின் தம்பி மாயவன். காலனி முனையில் பறையடித்துச் சொல்லி முடித்தபோது அவன் முகம் தொங்கிப்போயிருந்தது.

"யக்கா, சரம் வாங்கி வச்சிக்கினு கீறியே. இப்ப இன்னா பண்ணுவ?"

"சரத்த வுடு. ஊர்த்தெருவுல அடிச்சியா?"

"இல்லக்கா. காலனில மட்டும் அடின்னாரு தலைவரு."

"கட்டுப்பாட்டுல காலனிக்குன்னு சொல்லியிருக்குதா?"

"யாரும் வைக்கக்கூடாதுன்னுதான் சொல்லியிருக்குது."

"அப்பறம் இன்னா? போலீசு திண்டாடிப் போவாதா, ஊர் பாதிக்கு சேதியே தெரியலன்னா? போய் அங்கயும் அடிச்சுட்டு வா. தலைவரு வூட்டு வாசல்ல நல்லா ஓங்கி அடி. அவருக்குக் காது மந்தம்."

மாயவன் தயங்கினான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு போனான். ஊர்த்தெருவில் அவன் அடித்த அடியில் போலீஸ்காரர் பாதி டீயோடு எழுந்து வந்து, கட்டுப்பாடு முழுவதையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

தீபாவளிக்கு முதல்நாள் வெள்ளிமலையில் ஜீப் ஓட்டும் மருமகன் இளமாறன் தங்கமணியோடு வந்து இறங்கினான். கைநிறையப் பலாக்கொட்டையும் வாய்நிறையக் கேள்வியுமாக வருகிறவன் அவன்.

"நரகாசுரன் செத்ததுக்கு நாம ஏன் அத்த வெடி வெடிக்கணும்? அவன் நம்மாளா இருந்தா?"

"எவன் செத்தா எனக்கின்னா மாப்ள? எம்பொண்ணு நல்லாக் கீறா. அதுக்கு வெடிக்கிறேன்."

"எங்கம்மா வெடிப்ப? நம்ம தெருவுல எங்க நின்னாலும் கூரையாச்சே" என்றாள் தங்கமணி. அவள் குரல் இறங்கியிருந்தது.

கொளஞ்சியம்மாள் ஆட்டுக்கல் பக்கம் திரும்பினாள். மாவாட்டிக்கொண்டே ஊரைத் தெருத்தெருவாக மனதில் சுற்றி வந்தாள். காலனி, முழுக்கக் கூரை. ஊர்த்தெரு, வீட்டுக்கு வீடு வைக்கோல் போர். கோயில் முன்னால் கீற்றுப் பந்தல். ஏரிக்கரையில் மோட்டார்க் கொட்டகை. பள்ளிக்கூடத்துக்கே கூரைதான். சுற்றிவந்த மனம் ஓரிடத்தில் சட்டென்று நின்றது. ஆட்டிய கை அப்படியே இருக்க அவள் சிரித்த சிரிப்பில் இளமாறன் பலாக்கொட்டையைக் கீழே போட்டான்.

பஞ்சாயத்துச் சிமெண்டுக் களம்! ஊருக்கு வெளியே பொட்டலில் கிடந்தது. இருபது வருடமாக அவள் கதிரடித்துத் தூற்றிய இடம். உச்சிவெயிலில் பிள்ளைக்குப் பால் கொடுக்கக்கூட ஒதுங்க இடமில்லை, நாலு கீற்றுப் போட்டுக் கொடுங்கள் என்று காலனிப் பெண்கள் கேட்காத தலைவர் இல்லை. ஒருவரும் போடவில்லை. சுற்றிலும் நூறு அடி அல்ல, ஐந்நூறு அடிக்கு ஒரு துரும்புக் கூரை கிடையாது.

விடிந்ததும் எண்ணெய் வழியும் தலையோடு காலனியே களத்துக்கு நடந்தது. போலீஸ்காரர் சைக்கிளில் வந்து நாலு பக்கமும் பார்த்தார்.

"இங்க வைக்கலாமுங்களா சார்?" என்று கேட்டாள் கொளஞ்சியம்மாள்.

"தாராளமா வைங்கம்மா. ஊருக்குள்ளதான் ஒரு பய கேக்க மாட்டேங்கான். தலைவர் வீட்டுப் பிள்ளைகளை இப்பத்தான் தடுத்துட்டு வாரேன். வாசல்லயே வைக்கப்போரு!"

சரத்தை விரித்தாயிற்று. கொளஞ்சியம்மாள் எட்ட நின்றே ஊதுவத்தியை நீட்டினாள். பாம்புக்கும் பண்ணையாருக்கும் பயப்படாதவள் திரி சீறியதும் சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். பின்னால் படபடவென்று களம் அதிர்ந்தது. "யம்மா, நின்னு பாரும்மா!" என்று தங்கமணி கைகொட்டிக் குதித்தாள். கொளஞ்சியம்மாள் காதைப் பொத்திக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். மிச்சமில்லாமல் வெடித்தது, கடைசி வெடிவரை.

புகை விலகியபோது ஊர்த்தெருப் பிள்ளைகள் வெடிப் பைகளோடு வரப்பில் நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆதிமூலம்.

"இன்னா கொளஞ்சி, களத்தப் புடிச்சிக்கினியா?"

"தலைவரே, வாங்க" என்றாள் அவள். பஞ்சாயத்துத் தேர்தலில் ஓட்டுப் போட்ட நாளிலிருந்து அவரைச் 'சாமி' என்று அழைப்பதை நிறுத்தியிருந்தாள். "பஞ்சாயத்துக் களந்தானே, எல்லாருக்கும் பொது. புள்ளைங்கள அனுப்புங்க. ராக்கெட்ட மட்டும் அந்தாண்ட பொட்டலப் பாத்து வுடச் சொல்லுங்க."

பிள்ளைகள் அவர் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. ஒரே களத்தில் காலனிச் சங்குசக்கரமும் ஊர்ச் சங்குசக்கரமும் சுற்றின. எது எவருடையது என்று நெருப்பு சொல்லவில்லை.

ஆதிமூலம் துண்டை உதறிக்கொண்டு நின்றார். கொளஞ்சியம்மாள் அருகில் போனாள்.

"மெட்ராசு சர்க்காருகிட்ட பங்கு கேட்டீங்க. சரியாத்தான் கேட்டீங்க. நாங்க இந்தக் களத்துல ஒரு ஆள் நெழல்தான் கேட்டோம்."

இளமாறன் வாயைத் திறக்கப் போனவன், மாமியார் கேட்டதே போதும் என்று மூடிக்கொண்டான். ஆதிமூலம் களத்தை ஒருமுறை பார்த்தார். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அவர் நெற்றியிலும் வேர்த்திருந்தது.

"சரி, அறுப்புக்குள்ள நாலு கீத்து போடச் சொல்றேன், போ."

"ஐயோ, கீத்து வேணாங்க!" கொளஞ்சியம்மாள் பதறிப்போனாள். "அடுத்த வருஷம் எங்க போய் வெடிக்கிறது? சிமெண்டு சீட்டாப் போடுங்க!"

போலீஸ்காரர் முதலில் சிரித்தார். பிறகு மாயவன். அப்புறம் அவள் சிரித்த சிரிப்புக்கு ஏரிக்கரை எருமைகள் தலைதூக்கிப் பார்த்தன. இரண்டாவது சரத்தைத் தங்கமணி பிரித்துக்கொண்டிருந்தாள். கொளஞ்சியம்மாள் ஊதுவத்தியை வாங்கிக்கொண்டாள்; இந்த முறை ஓடுவதில்லை என்று.

ஓடத்தான் செய்தாள்.