பொட்டுக்கு நடுவே ஒரு துளை

என் ஸ்பானர் பெட்டியில் ஒரு கொண்டை ஊசி கிடக்கிறது. முனை கறுத்து, ஒரு கால் லேசாக வளைந்து, எப்போது எடுத்தாலும் பெட்ரோல் வாடை அடிக்கும். இது யாருடையது என்று கேட்டீர்கள். கல்யாணமான புதிதில் உங்கள் அம்மாவும் இதைத்தான் கேட்டாள், முகத்தை மட்டும் வேறு மாதிரி வைத்துக்கொண்டு. அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் எழுதி வைக்கிறேன்.

அறுபதுகளில் உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு பெரிய விவசாயக் குடும்பத்துக்கு நான் டிராக்டர் ஓட்டினேன். முதலாளி ஏலத்தில் எடுத்த பழைய வண்டி அது. பெட்ரோலில் ஓடும். முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். எங்கள் காலனியிலிருந்து அந்த மாதிரி இருக்கையில் ஏறிய முதல் ஆள் நான். முதலாளியின் மச்சானுக்கு, அதாவது முதலாளியம்மாவின் தம்பிக்கு, அது பிடிக்கவில்லை. தனக்கு வேண்டிய ஒருவனை அங்கே உட்கார வைக்க வேண்டும் என்று இருந்தார். காரணம் ஒன்று அகப்படாமல்தான் பேசாமல் இருந்தார்.

வண்டி வந்தபின் முதல் ஆயுத பூஜை. நான் கழுவித் துடைத்து நிறுத்தினேன். முதலாளியம்மா கையில் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, முகப்பு, சக்கரம், ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். கடைசியில் பெட்ரோல் டாங்க் மூடி. அது வட்டமாக, நெற்றிபோலப் புடைத்திருக்கும். அங்கே மட்டும் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு வைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்குத் தொட்ட வேலை வருஷம் முழுக்க நடக்கும் என்பது அந்த வீட்டு வழக்கம். ஏரித் தண்ணீர் கட்டிய கழனி ஊறிக் கிடந்தது. நாற்றைப் பறித்து முடிகட்டி வரப்பில் போட்டாகிவிட்டது. நான் சேறடித்துக் கொடுத்தால்தான் நடவு. வண்டியைக் கழனி வரைக்கும் கொண்டுபோனேன். வரப்பருகே இரண்டு முறை முக்கி, நின்றுவிட்டது.

கைப்பிடியைச் சுற்றினேன், சுற்றினேன், தோள் கழன்றதுதான் மிச்சம். பிளக்கைக் கழற்றிச் சுரண்டி, இன்ஜின் மேல் வைத்துச் சுற்றிப் பார்த்தால் நீலமாகப் பொறி வந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன், பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது. மறுபடி சுற்றியதும் கிளம்பியது. மூடியைத் திருகிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்ப நின்றது.

நடவுக்கு வந்த பெண்களில் ஒருத்தி சும்மா இருப்பாளா?

“இன்னா டிரைவரே, நேத்து பூஜைல பொங்கல் துன்னுட்டு தூங்கிக்கினு கீதா உன் வண்டி?”

முதலாளியோடு மச்சான் வந்தார். மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறதா என்று மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தார்.

“பெட்ரோல வித்துட்டு கிருஷ்ணாயில கலந்துக்கீறான் மாமா. வாடைய பாரு. நீ சுத்துடா!”

சுற்றினேன். உடனே பிடித்துக்கொண்டது. அவருக்கே ஆச்சரியம். “பாத்தியா? நான் கைய வெச்சா ஓடுது” என்று மூடியைத் தன் கையாலேயே இறுக்கினார். வண்டி அவர் எதிரிலேயே இருமி அடங்கியது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். திருடன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால், “சாவிய குடுத்துட்டு வூட்டுக்குப் போ, அப்புறம் பேசிக்கலாம்” என்றார். அது கருவிப் பெட்டியின் சாவி. எடுத்து நீட்டினேன்.

அந்த நேரம் நாஷ்டா தூக்கோடு வரப்பில் நின்றிருந்தவர் முதலாளியம்மா. நடந்ததை எல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

“இருங்க. தம்பி, நீ மூடிய தெறந்து மோந்து பாத்தா ஓடுது. மூடுனா நிக்குது. கிருஷ்ணாயிலா இருந்தா தெறந்தா மட்டும் எப்பிடி ஓடும்?”

அவர் சேற்றில் இறங்கி வந்து மூடியைப் பார்த்தார். என்னிடம், “இதுல காத்து போற ஓட்ட எதுனா கீதா?” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. அதன் வழியே காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் குழாயில் இறங்கும். சந்தனம் ராத்திரியெல்லாம் காய்ந்து, சுண்ணாம்பு பூசியதுபோல அதை அடைத்திருந்தது. “பொட்டுக்கு அடியில கீதும்மா” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். விஜயதசமியன்று பூஜைப் பொட்டைக் குறை சொல்கிற வாய் என்னுடையதாக இருப்பதில் எனக்குப் பயம்.

“எண்ண டின்னுக்கே ரெண்டு பக்கம் குத்துனாதான் ஊத்துது” என்றார் அவர். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி, “நான் அப்புன சந்தனம்தான். இவன் மேல ஒன்னும் இல்ல” என்றார்.

“பொட்ட அழிக்காதே, நல்ல நாளு” என்று முதலாளி பதறினார்.

“யாரு அழிக்கப் போறா?” என்று கேட்டபடியே கொண்டையிலிருந்து ஊசியை உருவினார். குங்குமத்துக்கு நட்டநடுவில் குத்தித் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. பொட்டு அப்படியே இருந்தது, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியோடு. முதலாளி சாவியை என்னிடம் கொடுக்கவில்லை. இருக்கையின் மேல் வைத்துவிட்டு நாஷ்டா சாப்பிடப் போனார். நான் சேறடித்தேன். பொழுது சாய்வதற்குள் நடவு முடிந்தது.

ஊசியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது முதலாளியம்மா வாங்கவில்லை.

“பெட்டிலயே கெடக்கட்டும். வர்ற வருசமும் நான் பொட்டு வெப்பேன்.”

வைத்தார், நான் அங்கே இருந்த வருஷமெல்லாம். சந்தனத்தைக் குறைக்கவும் இல்லை. வைத்து முடித்ததும் என் பக்கம் கையை நீட்டுவார். நான் ஊசியைக் கொடுப்பேன். குத்திவிட்டுத்தான் கற்பூரம் கொளுத்துவார்.

அந்த வண்டியை இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். முதலாளியம்மாவும் இப்போது இல்லை. நேற்றைய பூஜையில் நம் மோட்டார் சைக்கிளின் டாங்க் மூடிக்கு நீங்கள் சந்தனத்தை அள்ளி அப்பினீர்கள். அழகாகத்தான் இருந்தது. நான் பெட்டியைத் திறந்தேன். நீங்கள் அந்த ஊசியைப் பார்த்தது அப்போதுதான்.