தங்கைக்கு மட்டும் ஈரல்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்புக்கும் ஒரே கூடம்தான். நான் நாலாவது, தங்கை இரண்டாவது. நேற்றுப் படித்த எழுத்து அவளுக்கு இன்று நினைவிருக்காது. சிலேட்டைப் பார்த்தபடியே தூங்கி வழிவாள். "அக்கா கெட்டிக்காரி, நீ மண்டு" என்று வாத்தியார் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

அவள் பலப்பம் தின்பாள். எழுதக் கொடுத்தது மதியத்துக்குள் தீர்ந்துவிடும். பிறகு சுவர் மண்ணைச் சுரண்டுவாள். அம்மா அடித்தும் நிற்கவில்லை. ஒருநாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு உத்தனப்பள்ளியில் பஸ் ஏறினார். அழுது அடம்பிடித்து நானும் ஏறிக்கொண்டேன்.

கிருஷ்ணகிரியில் டாக்டரம்மா அப்பா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "மண்டும் இல்ல, சோம்பேறியும் இல்லீங்க. ரத்தத்துல இரும்புச் சத்தே இல்ல. படிப்பு எப்படி ஏறும்? வயித்துப் பூச்சிக்கு மருந்து தர்றேன். டானிக்கும் குடுங்க. முருங்கைக்கீரை, ஈரல் எல்லாம் சேத்துக்குங்க."

அதன்பின் ஞாயிறுதோறும் வாங்கும் ஆட்டு ஈரல் முழுக்க அவள் தட்டுக்கே போனது. எனக்குக் களியும் வெறும் குழம்பும். "எனக்கு?" என்றால், "உனக்கென்னடி நோவு?" என்பாள் அம்மா. நோவு வராத என் உடம்பின் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. டானிக்கைத் திருடிக் குடித்துப் பார்த்தேன். பல் கறுத்துக் காட்டிக்கொடுத்தது. அம்மா துடைப்பத்தை எடுத்தாள்.

சில மாதம் போயிற்று. பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில், ஏழாவது வரியில் நான் திக்கி நின்றேன். பின்வரிசையிலிருந்து தங்கையின் குரல் வந்தது: "தொண்ணூத்தொண்ணு சார்!" நாங்கள் ஒப்பிப்பதைக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறாள். வாத்தியார் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவளை அழைத்துப்போய் மூன்று புதுப் பலப்பங்களை நீட்டினேன். "தின்னு. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்." அவள் பழையபடி ஆகட்டும் என்றுதான் கொடுத்தேன்.

ஒன்றைக் கடித்துவிட்டு உடனே துப்பினாள். "தூ! இதையா தின்னுட்டிருந்தேன்?" என்று சிரித்தாள். "மிச்சத்தை எழுத வெச்சுக்கட்டாக்கா?"

நான் அவளைத் தள்ளிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. அந்த வருஷமே அவள் ஓசூருக்குப் படிக்கப் போனாள். பஸ் கிளம்பும்வரை நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஜன்னல் வழியே அவள்தான் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

என் கல்யாணத்துக்கு முந்தைய வாரம்தான், பலப்பம் கொடுத்த கதையை அம்மாவிடம் சொல்லும் தைரியம் வந்தது. பூத் தொடுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ அன்னிக்கே சொல்லிட்டாடி," என்றாள். "உன்னை ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."