கட்டாயம் என்பவர் வெட்டுக்கூடத்துக்கு இறங்கியது

இறைச்சித் தொழிற்சாலையின் மாடியில், இரத்த வாடை எட்டாத ஒரு குளிரூட்டிய அறையில், அந்த வளாகத்தின் இரக்கமற்ற மனிதர் உட்கார்ந்திருந்தார். கீழே இருபத்திரண்டு பேர் கத்தியும் கோடரியுமாக மாடுகளைப் பிளந்துகொண்டிருந்தார்கள், அவர்களெல்லாம் சாதுக்கள். இவர் கணினிப் பிரிவுப் பொறுப்பாளர். ஊழியர்கள் வைத்த பெயர் 'கட்டாயம்'.

அங்கிருந்த முந்நூற்றுச் சொச்சம் விண்டோஸ் கணினிகளும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை தாமாகவே தலைமைக் கணினியிடம் போய், புதுச் சட்டம் ஏதும் உண்டா என்று கேட்டு, மாறியதை மட்டும் வாங்கிக்கொள்ளும். இந்த நாகரிகம் அவருக்கு ஒத்துவராது. புதுப்பிக்கும் கட்டளையோடு 'கட்டாயம்' என்பதையும் சேர்த்துத் தட்டுவார். மாறியது, மாறாதது எல்லாம் மறுபடி இறங்கும். கணக்காளர் ஆசையாகத் திரையில் வைத்த மகள் படம் ஒரே அடியில் செத்து, நிறுவனச் சின்னம் எழும். சரக்குப் பிரிவில் ஒரு பெண் வாரம் மூன்று முறை அழுதாள். அவர் அதைப் பதிவேட்டில் 'வெற்றி' என்று குறித்துக்கொண்டார்.

ஒரே ஒரு கணினிதான் தப்பித்திருந்தது. வெட்டுக்கூடத்து மேஸ்திரியுடையது. மேலே சங்கிலியில் தொங்கி வரும் மாட்டுப் பாதிகளை முன்னும் பின்னும் ஓட்டுவது அந்தத் திரைதான். ஐந்து நிமிடம் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொள்ளும் என்ற சட்டத்திலிருந்து அதற்கு மட்டும் விலக்கு. மேஸ்திரி, கட்டாயத்தின் மனைவிக்கு அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அந்த மச்சான் வாயை விட்டார். "எங்க மாப்பிள்ள தக்காளி நறுக்கணும்னாகூட என் தங்கச்சி பக்கத்துல நிக்கணும்!"

மனைவி சிரித்தாள். அதுதான் சுட்டது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர் விலக்கை நீக்கி, கட்டாயத்தைச் சேர்த்து ஓங்கித் தட்டினார்.

பத்தரைக்கு ஒரு மாட்டுப் பாதி தடம் விலகிச் சாய்ந்தது. மேஸ்திரி அதைத் தள்ளப் போனார். கொக்கி அவருடைய வலது கையைக் கவ்வி இரும்புத் தூணோடு நசுக்கியது. யாரோ சிவப்புப் பொத்தானை அடித்ததில் சங்கிலி நின்றது. ஆனால் ஒரு முழம் பின்னால் ஓடினால்தான் கை வெளியே வரும். அதற்குத் திரை வேண்டும். திரை பூட்டிக் கிடந்தது. மேஸ்திரி கடவுச்சொல்லைக் கத்தினார். ஒருவன் இரத்தக் கையுறையோடு மூன்று முறை தப்பாக அடித்ததில் அந்தக் கணக்கும் மூடிக்கொண்டது.

நான்கு பேர் மாடிக்கு ஓடினார்கள். கட்டாயம் தன் கால் தரையில் பாவாமல் கீழே வந்தார் என்று சொல்லலாம். அவருடைய முதுகுதான் படிகளில் பாவியது.

"தொறடா!"

"அடிக்காதீங்க, கை நடுங்குது!"

அடித்தார்கள். நடுங்கியது. அவருடைய கடவுச்சொல்லும் மூன்று முறை தப்பு. 'முப்பது நிமிடங்களுக்குப் பின் முயலவும்' என்றது திரை. அந்தச் சட்டத்தை எழுதியவரும் அவரே.

"வேற யாரால தொறக்க முடியும்?"

"என்னால மட்டுந்தான்." அந்த நிலையிலும் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. பெருமையோடு ஒரு பல்லும் போயிற்று.

மேஸ்திரியின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "முப்பது நிமிஷம் தாங்காதுடா. தோள்ல எங்க வெட்டணும்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

எங்கே என்று இருபத்திரண்டு பேருக்கும் தெரியும். மூத்த வெட்டுக்காரர் கோடரியை எடுத்துவிட்டு, ஓங்க முடியாமல் விம்மினார்.

"குடுங்கண்ணே!" கட்டாயம் அதைப் பிடுங்கி, மேசை மேல் ஏறி, மழுங்கிய பக்கத்தால் கொக்கியைப் பூட்டியிருந்த இரும்பு முளையை அடித்தார். முளை கழன்றால் நூற்றைம்பது கிலோவும் அடிப்பவன் தலையில்தான் விழும். அந்தக் கூடத்தில் அது தெரியாதவர் அவர் ஒருவரே.

"மாப்பிள்ள, உங்க மேல விழும்!"

"பேசாம இருங்க மச்சான்!"

ஏழாவது அடியில் முளை பறந்தது. கை வெளியே வந்தது. மாடு இறங்கியது. கட்டாயத்தின் தோள்பட்டை எலும்பும் இரண்டு விலா எலும்புகளும் சுள்ளி மாதிரி ஒடிந்ததைக் கூடமே கேட்டது.

மறுநாள் காலை மருத்துவமனையில், மாவுக்கட்டுக் கையோடு மேஸ்திரி கட்டாயத்தின் கட்டிலருகே வந்து, நல்ல கையால் கன்னத்தில் ஒன்று விட்டார். "இது விலக்க எடுத்ததுக்கு." பிறகு வாழைப்பழத்தை உரித்து அவர் வாயில் வைத்தார். "இது கைக்கு."

மனைவி மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். அவர் முனகலாகச் சொல்லச் சொல்ல, விலக்கை மறுபடி போட்டுவிட்டாள்.

"ஏங்க, கட்டாயம்னும் சேக்கணுமா?"

அவர் மச்சானின் நல்ல கையைப் பார்த்தார். "வேணாம். அது பாட்டுக்குக் கேக்கும்போது வாங்கிக்கட்டும். ஒன்றர மணி நேரம் ஆகும்."

"ஒன்றர மணி நேரமா? இன்னும் பத்து நிமிஷத்துல சங்கிலி ஓடும்யா!" மேஸ்திரி பாய்ந்தார். "தங்கச்சி, கட்டாயத்தப் போடு! ரெண்டு வாட்டி போடு!"