கதவில் இல்லாத கீறல்

பெயிண்டரக்காவுக்கு வெள்ளையில் மட்டும் பதினெட்டு வகை தெரியும். சுவரில் உள்ளங்கை அளவு உதிர்ந்துபோனால், மற்றவர்கள் முழுச் சுவரையும் அடிக்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்காரர் தலையில் மிளகாய் அரைப்பார்கள். இவள் உதிர்ந்த சில்லைக் கையில் வைத்துப் பார்ப்பாள். ஒரு பக்கெட் வெள்ளையில் அரை ஸ்பூன் மஞ்சளோ கால் ஸ்பூன் கறுப்போ கலந்து, அந்த இடத்தை மட்டும் பூசிவிட்டு வந்துவிடுவாள். மறுநாள் வீட்டுக்காரரே பூசிய இடம் எது என்று தேடிக்கொண்டிருப்பார். முப்பது வருடமாக இதுதான் பிழைப்பு.

ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்குக் கார் ஓட்டும் ஆசை வந்தது. மூன்று முறை தேர்வில் கோட்டைவிட்டு, நான்காவது முறை ஒருவழியாகப் பாஸானாள். லைசென்ஸ் வந்த அடுத்த மாதமே, கிரெடிட் கார்டைக் கொடுத்து ஒரு வெள்ளைக் காரை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்தாள். கணவரையும் தங்கையையும் கடலுக்குக் கூட்டிப்போவதாகத் திட்டம். சாவி வாங்கும்போதே காரின் முதுகைத் தடவி, "இந்த வெள்ளையில அரை ஸ்பூன் மஞ்சள் இருக்கு," என்றாள். சாவி கொடுத்த ஆள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

கணவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஓடுகிற வண்டியில் அவர் கண்ணசந்ததாகச் சரித்திரமே கிடையாது. அந்த மூன்று நாளும் பக்கத்து சீட்டில் விறைத்து உட்கார்ந்து, மேலே இருந்த பிடியைத் தொங்காத குறையாகப் பிடித்துக்கொண்டு, "ஹோல்டான்... ரைட், போலாம்," என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். இறங்க ஆளில்லை, ஏற ஆளில்லை, ஆனால் சிக்னலுக்குச் சிக்னல் பின்னால் திரும்பி ஒரு பார்வை.

பின்சீட்டில் சின்னவள், அதாவது அவள் தங்கை. நாற்பத்தெட்டு வயதாகியும் கேமராவைக் கண்டால் கழுத்து தானாகச் சாயும். காரின் பின்கதவில் சாய்ந்து நின்று மொத்தம் நாற்பத்தொரு படம் எடுத்துக்கொண்டாள். கடைசிப் படம் காரைத் திருப்பிக் கொடுத்த அன்று, வாடகைக் கம்பெனி வாசலில். அந்த நேரம் பார்த்துச் செருப்பு வார் அறுந்துபோக, அவள் குனிய, காற்றில் தலைமுடி முகத்தை மூட, கண்டக்டர் படத்தை அமுக்கிவிட்டார்.

"மாமா, அதை முதல்ல அழிச்சிடுங்க."

"சரிம்மா," என்றார் கண்டக்டர். அவருக்குப் படம் எடுக்கத்தான் தெரியும், அழிக்கத் தெரியாது.

ஒரு வாரம் கழித்துப் பெயிண்டரக்காவின் கார்டில் ஒரு தொகை ஏறியிருந்தது. பின்கதவில் கீறல், பழுதுபார்த்த செலவு என்று கம்பெனி எழுதியிருந்தது. இரண்டு அறைக்கு இரண்டு கோட் அடித்துச் சம்பாதிக்க வேண்டிய பணம். அதைவிட அவளை உறுத்தியது வேறொன்று. கடற்கரை விடுதியின் அடித்தள பார்க்கிங்கில் காரைத் திருப்பும்போது பின்னாலிருந்து 'க்ரிக்' என்று ஒரு சத்தம் கேட்டதே. இறங்கிப் பார்த்தாள், மங்கிய வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் கடலைப் பார்த்த குஷியில் அடியோடு மறந்துபோனாள்.

"நான்தான் இடிச்சிருக்கேன். கட்டித் தொலைச்சிடலாம். இனிமே ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன்," என்று சொல்லி, லைசென்ஸைக் கொண்டுபோய்ப் பழைய பிரஷ் டப்பாவின் அடியில் போட்டாள். மூன்று முறை தோற்றபோதுகூட அவள் முகம் அப்படித் தொங்கிப் போனதில்லை. கண்டக்டருக்குப் பணம் போனதைக் காட்டிலும் அந்த டப்பாவைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

"இந்தா, முப்பது வருஷத்துல டிக்கெட்டைக் காட்டுன்னு கேக்காம நான் ஒருத்தரையும் பஸ்ஸை விட்டு இறக்கினதில்ல. அவன் கீறலைக் காட்டட்டும். அப்புறம் கட்டலாம்."

அவருக்காகத்தான் கம்பெனிக்குப் போன் செய்தாள். மறுமுனையில் இருந்தவன் கொட்டாவியோடு பேசினான். "வாடகைப் பத்திரத்துல கையெழுத்து போட்டிருக்கீங்க மேடம். இந்த வயசுல புதுசா ஓட்ட வர்றவங்க இடிக்கறது சகஜம்தான்."

வந்ததே கோபம். அடுத்த நிமிடம் கார்டின் பின்பக்கம் இருந்த எண்ணில் வங்கியை அழைத்துவிட்டாள். நியாயமில்லாத கட்டணம் என்று கார்டுக்காரர் ஆட்சேபணை எழுப்பலாம், விசாரணை முடியும்வரை அந்தத் தொகையைக் கட்ட வேண்டாம், ஆதாரத்தைக் கம்பெனியிடம் நாங்கள் கேட்கிறோம் என்றாள் ஆட்சேபணைப் பிரிவுப் பெண். இப்படி ஒரு வழி இருப்பதை நம்மில் எத்தனை பேர் தெரிந்துவைத்திருக்கிறோம்? பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடுகிறோம்.

பத்தாம் நாள் கம்பெனி அனுப்பிய படம் வந்தது. வெள்ளைக் கதவு, நடுவில் நீளமாக ஒரு கீறல். வண்டி எண் தெரியாதபடி கதவை மட்டும் எடுத்திருந்தார்கள். பெயிண்டரக்கா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்தபோது முகமே வேறாக இருந்தது.

"ஏங்க, இது நீலம் கலந்த வெள்ளை. நாம ஓட்டினது மஞ்சள் கலந்தது. இது நம்ம காரே இல்ல."

உடனே உட்கார்ந்து, வெள்ளைகளின் வேறுபாட்டைப் பற்றி ஒன்றரைப் பக்கம் வங்கிக்கு எழுதினாள். இரண்டு நாளில் அந்தப் பெண்ணே அழைத்தாள்.

"அம்மா, உங்க கண்ணை நான் நம்பறேன். ஆனா உங்க கண்ணை ஃபைல்ல வைக்க முடியாதே. போட்டோ ஏதாவது இருக்கா?"

இருந்தது, நாற்பத்தொன்று. நாற்பதில் சின்னவள் கதவை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றாள். கதவு முழுதும் தெரிந்தது ஒரே ஒரு படத்தில்தான். ஒரு கீறல்கூட இல்லாத கதவு, காரின் நிறத்திலேயே வெள்ளைக் கைப்பிடி, மேலே கம்பெனியின் பலகை, கீழே குனிந்து நிற்கும் சின்னவள். தேதியும் நேரமும் போனிலேயே பதிந்திருந்தன. கம்பெனி அனுப்பிய படத்திலோ கைப்பிடி கறுப்பு.

ஆளனுப்பிச் சின்னவளை வரவழைத்தார்கள். படத்தைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"இதை ஏன் மாமா அழிக்கல? பேங்க்ல இருக்கறவங்கல்லாம் பார்ப்பாங்களே."

"அக்கா மேல பழி விழுந்திருக்குடி," என்றாள் பெயிண்டரக்கா. "கார்டுல பணம் ஏறினதுலேருந்து அந்த 'க்ரிக்' சத்தத்தை நினைச்சு எனக்குத் தூக்கமே இல்ல."

சின்னவள் ஒரு நிமிடம் காலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்.

"அக்கா, திட்டாத. அது உன் கூலிங் கிளாஸ். கேக்காம எடுத்துட்டு வந்தேன். நீ வண்டியத் திருப்பறப்ப அது மேல உக்காந்துட்டேன்."

கண்டக்டர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. பெயிண்டரக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தங்கையின் முதுகில் ஒரு அடி வைத்து, அப்படியே கட்டிக்கொண்டாள். பரிகாரமாகச் சின்னவள் தன் கையாலேயே அந்தப் படத்தை வங்கிக்கு அனுப்பினாள்.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. ஆட்சேபணை ஏற்கப்பட்டது, கட்டணம் ரத்து. கடிதத்தை இரண்டு முறை படித்த பெயிண்டரக்கா நேராகப் போய், பிரஷ் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

அடுத்த விடுமுறையில் வேறொரு கம்பெனியின் கார். புறப்படுமுன் அவளே போனோடு காரைச் சுற்றிவந்து, நாலு பக்கமும் படம் எடுத்தாள். சின்னவளை எந்தக் கதவுக்குப் பக்கத்திலும் அண்டவிடவில்லை. கண்டக்டர் ஏறி உட்கார்ந்து, "ரைட்," என்றார். கார் ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. ஒரு சிக்னல் போனது, இரண்டு போனது, 'ஹோல்டான்' வரவில்லை. மேலே இருந்த பிடியும் சும்மா கிடந்தது. பெயிண்டரக்கா ஓரக்கண்ணால் பார்த்தாள். கண்டக்டர் வாயைத் திறந்துபோட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"மாமாவை எழுப்பட்டுமா?" என்றாள் சின்னவள்.

"வேணாம், தூங்கட்டும்," என்று சொல்லிவிட்டு, அவள் கடலை நோக்கி ஓட்டினாள்.