கரடியை ஏற்றிப்போன லாரி

என் மனைவியின் அண்ணன் வாலிபத்தில் பிடித்த ஸ்டியரிங்கை, தலை நரைக்கும்வரை விடவில்லை. சொந்தமாக ஒரு லாரி. நான் அவரை மச்சான் என்பேன். அவர் என்னை மாப்பிள்ளை என்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "வீட்ல ஒருத்தி காத்துக்கிட்டிருந்தா ஆக்ஸிலேட்டர்ல கால் தானா அழுத்தும். அது ஆபத்து" என்பார்.

சரக்கை இறக்கிவிட்டு நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். குளித்துவிட்டு உட்கார்ந்தால் பேச்சு நிற்காது. ஊர்ப் பெயர் ஒன்றும் அவர் வாயில் வராது. பாலம் தாண்டியதும் அவித்த முட்டையில் மிளகு தூவித் தருகிற அம்மாவின் கடை, அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் ரொட்டியைக் கருகாமல் சுடுகிற மீசைக்காரர் கடை என்று எல்லா வழியையும் வயிற்றை வைத்தே சொல்வார். நடுநடுவே மிருகங்கள் வரும். அவருடைய சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி, மூடியைத் திறக்கத் தெரியாமல் திரும்பி வந்து அவரிடமே நீட்டிய குரங்கு. ஒரு சுங்கச்சாவடியில் ஏறி அடுத்ததில் இறங்கிப்போன நாய். "திரும்பிக்கூடப் பாக்கல. ஏதோ நான் அதோட டிரைவர் மாதிரி." என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஒரு கோடையில் ஒரு தனியார் மிருகக்காட்சிசாலையை மூடினார்கள். அங்கே மிஞ்சியிருந்த கிழட்டுக் கரடி ஒன்றைத் தொலைவிலிருந்த இன்னொரு காட்சிசாலைக்குக் கொண்டுபோக ஆள் தேடினார்கள். மச்சான் ஒப்புக்கொண்டார். கூண்டோடு தூக்கி லாரியில் வைத்தார்கள். கூடவே வருவதாகச் சொன்ன பராமரிப்பாளர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். பாலில் ஊறிய ரொட்டியை ஒரு வாளி நிறையக் கொடுத்து, "இதைத்தான் திங்கும்" என்றாராம்.

தின்னவில்லை. வாளியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் சாலையோரக் கடையில் மச்சான் தனக்காக வேகவைத்த உருளைக்கிழங்கு வாங்கி, லாரிமேல் உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருந்தார். கம்பிகளுக்கு நடுவே ஒரு மூக்கு நீண்டது. ஒரு கிழங்கை நீட்டினார். உதட்டாலேயே வாங்கிக்கொண்டது, வாயில் பல் அதிகமில்லை. கடையில் மிச்சமிருந்த கிழங்கையெல்லாம் வாங்கி மசித்துக் கொடுத்தார். அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, இதுக்கும் வாய்க்கு ருசியா வேணுமாம். என்னைய மாதிரியே."

மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்தார். காட்சிசாலை வாசலுக்கே மருத்துவர் வந்தார். கரடியின் முதுகில் முடி கொட்டியிருந்த திட்டுகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"சொறி. உள்ள விட்டா மத்ததுக்கும் தொத்திக்கும். திருப்பிக் கொண்டுபோயிடுங்க."

"எங்க சார் கொண்டுபோறது? அங்க பூட்டிட்டாங்களே."

"அத அவங்ககிட்டதான் கேக்கணும். வேணும்னா மேலதிகாரி வருவாரு, இருந்து பேசிப் பாருங்க."

பூட்டிப்போனவர்கள் போனை எடுக்கவில்லை. மேலதிகாரி வருவார் என்று மச்சான் காத்திருந்தார். கேட்டுக்கு உள்ளே வரிசையாக மரங்கள். வெளியே பொட்டு நிழல் இல்லை. மரத்தடியில் நிறுத்திக்கொள்கிறேன் என்று காவலாளியிடம் கெஞ்சினார். உள்ளே விட்டால் தன் வேலை போய்விடும் என்ற அந்த மனிதர், தண்ணீர்க் குழாயை மட்டும் கம்பி வழியே நீட்டினார். மச்சான் கூண்டின்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, கரடிமேல் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார். கிழங்கைக் கொடுத்தால் வாங்கவில்லை. அவர் கையை மட்டும் நக்கியது. வெயில் உச்சிக்கு வந்தபோது அதற்கு மூச்சு இரைத்தது. மருத்துவரைக் கூப்பிட உள்ளே ஓடினார். இருவரும் திரும்பி வருவதற்குள் கரடி கம்பியில் தலை சாய்த்துக் கிடந்தது.

அதற்குப் பிறகு கேட்டைத் திறந்தார்கள். செத்ததைப் புதைக்க உள்ளே இடம் இருந்தது.

வீட்டுக்கு வந்து இதை ஒரே ஒரு தடவை, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அடுத்த வாரம் வெங்காயம் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பாதி வழியிலிருந்து போன் வந்தது. "மாப்பிள்ளை, நீ வந்து வண்டிய எடுத்துக்க. என்னால முடியல."

பஸ் பிடித்துப் போனேன். மீசைக்காரர் கடையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் இருந்த ரொட்டி ஆறி விறைத்திருந்தது. "மூணாவது தட்டு இது. சுடச்சுட மாத்தி வச்சுப் பாத்துட்டேன், தொடவே மாட்டேங்கிறாரு" என்றார் மீசைக்காரர்.

ஓட்டக் கற்றுத்தந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து லாரியை நான் ஓட்டினேன். முட்டைக்கார அம்மாவின் கடையைத் தாண்டும்போது, "என்னைய நம்பித்தான வாங்கித் தின்னுச்சு" என்றார்.

"நீங்க என்ன மச்சான் பண்ண முடியும்?"

"கேட்ட இடிச்சுக்கிட்டு உள்ள போயிருக்கலாம். லாரிதான, போயிருக்கும்."



லாரியை விற்றாயிற்று. இப்போது எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுவிடுகிறார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரிவதில்லை. "அண்ணே, நம்ம ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வருவோமா?" என்று என் மனைவி அடிக்கடி கேட்டுப் பார்க்கிறாள். "நீங்க போயிட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.