முதல் அள்ளு

வேலாயுதம் எனக்கு மருமகன் முறை. என் சின்னம்மா மகள் நல்லம்மாளின் மூத்த பையன். அவன் கட்டியிருப்பது பந்திங் ஊர்ப் பழனியப்பன் மகள் குமுதாவை. குமுதாவுக்கு ஒரே தம்பி, கார்த்திகேசு. இந்த மூன்று பேரும் யாருக்கு யார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வந்த வினையே அந்த உறவு முறையால் வந்ததுதான்.

நல்லம்மாள் காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் உரம் வீசியவள். இடுப்பில் வாளி, கையில் தகரக் கிண்ணம், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தைச் சுற்றி வட்டமாக வீசிக்கொண்டே போவாள். சாயந்திரம் வந்து சோறு பிசைந்தால் விரல் வெடிப்பெல்லாம் எரியும். உரம் என்றால் உப்பு மாதிரிதான். "எம்புள்ள இத கையால தொடக்கூடாது" என்று சொல்லுவாள். அவள் சொன்னபடியே ஆயிற்று. வேலாயுதம் உரத்தைக் கையால் தொடவில்லை. கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஓர் உரக் கிடங்கில், முன்னால் பெரிய அள்ளுவாய் வைத்த லோடர் ஓட்டினான். ஒரு அள்ளில் அவன் அம்மா ஒரு மாதம் வீசுகிற உரத்தை அள்ளிவிடுவான்.

அந்தக் கிடங்கில் இருப்பது பொட்டாஷ். செங்கல் தூள் நிறத்தில் குருணைக் குருணையாக இருக்கும். நம் நாட்டில் அது கிடைப்பதில்லை, எங்கிருந்தோ கப்பலில் வருகிறது. கிடங்குக்குள் கூரையைத் தொடும் அளவுக்கு மலையாகக் கொட்டியிருப்பார்கள். உரம் போடாத செம்பனை உடனே செத்துவிடாது. பச்சையாகவே நிற்கும். ஒரு வருடம் போகும், இரண்டு வருடம் போகும், அப்புறம் குலை சிறுத்துக்கொண்டே வரும். அப்போது எவ்வளவு கொட்டினாலும் போனது போனதுதான். அதனால் பெருமழை பிடிப்பதற்குள் போட்டுவிட வேண்டும் என்று எல்லாத் தோட்டமும் ஒரே நேரத்தில் லோரியை அனுப்பும்.

கொரோனா நோய்க்காலம் முடிந்து உரத்துக்கு விலை ஏறிய வருடம் அது. கப்பல் வருவது நிச்சயமில்லை என்று ஆகிவிட்டது. வந்த சரக்குக்கு அடிதடி. ஆயுத பூஜை அன்றைக்குக்கூட காலையிலேயே கிடங்குக்கு வெளியே சாலையோரம் லோரிகள் வரிசை கட்டி நின்றன. டிரைவர்கள் இறங்கி வந்து பூஜை எப்போது முடியும் என்று கேட்டுவிட்டுக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

பொட்டாஷில் ஈரம் பட்டால் கட்டிப் போய்விடும். அந்த மாதம் விடாத மழை. கிடங்கின் பின்பக்கக் கூரையில் ஒரு தகடு ஒழுகியது. மலை இறுகி, முன்பக்கம் அள்ளிய இடம் சுவர் மாதிரி செங்குத்தாக நின்றது. இப்படி நின்றால் நீளக்கை எந்திரத்தைக் கொண்டுவந்து மேலே இருப்பதை முதலில் சரித்துவிட்டுத்தான் அடியில் அள்ள வேண்டும். அந்த எந்திரம் பழுதாகி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது.

இன்னொரு பழக்கமும் அங்கே உண்டு. தோல் செருப்பை உரம் தின்றுவிடும் என்று எல்லோரும் சிலிப்பரோடு வருவார்கள். முன்கதவில் அதைக் கழற்றிவிட்டு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். லோடரில் ஏறுவதற்கு முன் வேலாயுதம் கண்ணால் ஒரு ஓட்டு ஓட்டுவான். யார் சிலிப்பர் வாசலில் கிடக்கிறதோ அவன் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. ஆனால் வேலாயுதம் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

பூஜை அன்று முன்கதவருகே லோடரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். குமுதா வீட்டிலிருந்து சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் கொண்டுவந்தாள். ஆட்கள் முழுக்க வெறுங்காலோடு லோடருக்கு முன்னால் நின்றார்கள்.

கார்த்திகேசு மட்டும் இல்லை. அவனும் அங்கேதான் வேலை, இறுகிய உரத்தைக் கடப்பாறையால் உடைத்து விடுகிற ஆள். அவனுடைய பெரியப்பா, அதாவது பழனியப்பனின் அண்ணன், இறந்து பதினாறு ஆகவில்லை. பங்காளித் தீட்டு. குமுதா கட்டிக்கொடுத்த பெண், அவளுக்கு மூன்று நாளோடு தீர்ந்தது. வேலாயுதத்துக்குத் தீட்டே கிடையாது. கார்த்திகேசுவுக்கு உண்டு. "பூஜை நடக்கிற பக்கம் தலை காட்டாதடா" என்று மேற்பார்வை பார்க்கிற ராதாகிருஷ்ணன் முதல் நாளே சொல்லியிருந்தார். அவர் கண்டிப்பான ஆள், வேலையிலும் சரி, சாமியிலும் சரி.

கற்பூரம் காட்டியாயிற்று. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வேலாயுதம் ஏறி, பழத்தை நசுக்கி, நிறுத்தினான்.

"என்னப்பா நிறுத்திட்ட? முதல் அள்ளு அள்ளு," என்றார் ராதாகிருஷ்ணன். பூஜை முடிந்து லோடர் ஒரு முறையாவது உரத்தை அள்ளினால்தான் அந்த வருடம் வியாபாரம் ஓடும் என்பது அங்கே வழக்கம்.

"செவுரு மாதிரி நிக்குதுண்ணே. மேல எறக்காம எப்படி?"

"முழு லோடா அள்ளச் சொல்றேன்? ஓரத்துல ஒரு கை அள்ளு லா. வருசா வருசம் செய்யறதுதானே."

"ஆமாண்ணே, நல்ல நாளும் அதுவுமா," என்றான் சாக்குத் தைக்கிற குகன். "நீங்க அள்ளலன்னா நானே சொளகுல அள்ளிடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வேலாயுதம் வாசலைப் பார்த்தான். சிலிப்பர் எல்லாம் கிடந்தது. அதற்குரிய ஆள் எல்லோரும் கண்ணெதிரே வெறுங்காலோடு நின்றார்கள். உள்ளே யாரும் இல்லை. லோடரை ஓரமாகக் கொண்டுபோய் அடியில் லேசாக ஒரு வாய் கொடுத்தான்.

சத்தம் முதலில் மேலே கேட்டது. பலகை முறிகிற மாதிரி. அவன் பின்னால் எடுப்பதற்குள் முன் சுவர் அப்படியே கழன்று விழுந்தது. சிவப்புத் தூசி எழும்பி, கதவு வரைக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. தூசிக்குள்ளே இன்னொரு முறை, தூரத்தில், மொத்தென்று ஒரு சத்தம். உச்சி பிளந்து பின்பக்கமும் சரிந்திருந்தது.

தூசி அடங்கியது. லோடரின் வாய் புதைந்திருந்தது, மாலை அறுந்திருந்தது. வேலாயுதம் இருமிக்கொண்டே இறங்கினான்.

"யாருக்கும் ஒன்னும் இல்லையே?"

"எல்லாரும் இங்கதான் இருக்கோம்," என்றார் ராதாகிருஷ்ணன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "எலுமிச்சம்பழம் காப்பாத்திருச்சுப்பா. திருஷ்டி கழிஞ்சது," என்றார்.

குகன் சுண்டலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். ஆட்கள் எல்லாம் பேச ஆரம்பித்தார்கள்.

குமுதா அப்போது கையில் ஒரு பொட்டலத்தோடு நின்றாள். தீட்டுக்காரனுக்குப் பிரசாதம் கொடுக்கக் கூடாது என்று தம்பிக்காகத் தனியாக வாங்கி வைத்த நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. "ஏங்க, தம்பியப் பாத்தீங்களா? போன எடுக்க மாட்டேங்குறான்."

"அவன்தான் இன்னிக்கு லீவாச்சே," என்றார் ராதாகிருஷ்ணன்.

"என்ன லீவு? அவன்தாண்ணே என்னை கார்ல கொண்டாந்து விட்டான். பூஜை முடிஞ்சதும் வேலைக்கு வரேன்னு சொன்னான். எதுத்த கடையில டீ குடிச்சிட்டிருப்பான்னு நெனச்சேன், அங்க காணோம்."

வேலாயுதம் அவளைப் பார்த்தான். "கார் எங்க நிக்குது?"

"பின்னால சந்துல."

அவன் வெறுங்காலோடு கிடங்கைச் சுற்றிக்கொண்டு ஓடினான். குமுதா பின்னாலேயே ஓடினாள். பின் சந்தில் கார் நின்றது. போன் உள்ளே ஸ்டியரிங் பக்கத்தில் கிடந்தது. குமுதா கூப்பிட்டபோதெல்லாம் அது அங்கேதான் அடித்திருக்கிறது. எதிரே, வழக்கமாக யாரும் திறக்காத பின்கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. படியில் நீல வார் போட்ட சிலிப்பர் ஒரு ஜோடி, பக்கத்தில் பக்கத்தில் ஒழுங்காக வைத்திருந்தது.

முன்கதவில் சாமி இருக்கிறது, தீட்டோடு அந்தப் பக்கம் போகக் கூடாது என்று பின்பக்கம் வந்திருக்கிறான். மழை தூற ஆரம்பித்ததும் ஒழுகும் தகட்டுக்குக் கீழே உரம் நனைகிறதே என்று கன்வாஸ் படுதாவை இழுத்துப் போட உள்ளே போயிருக்கிறான். இதெல்லாம் அப்புறம் தெரிந்தது. அந்த நேரத்தில் வேலாயுதத்துக்குத் தெரிந்தது அந்தச் சிலிப்பர் மட்டும்தான்.

"கார்த்தி! டேய் கார்த்தி!"

பின்சுவருக்கும் மலைக்கும் நடுவில் நடக்க இருந்த இடைவெளி முழுக்க நிரம்பிக் கிடந்தது. பதில் இல்லை.

ராதாகிருஷ்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "லோடரக் கொண்டா வேலு, ஒரே அள்ளுல..."

"வேணாம்! வாய் பட்டா ரெண்டா போயிடுவான். யாரும் மேல ஏறாதீங்க. பொம்பாவுக்கு போன் அடிங்கண்ணே, ஆம்புலன்சுக்கும் சேத்து. குகா, பலகை கொண்டா, மேல இருக்கிறது இன்னும் எறங்காம முட்டுக் குடு."

சரிந்த உரத்தில் ஓர் இடத்தில் கன்வாஸின் முனை மட்டும் நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பிடித்து இழுக்கவில்லை. இழுத்தால் மேலே இருப்பது மறுபடி சரியும். அந்த முனையைப் பிடித்துக்கொண்டே, அது போகும் வழியில் கையால் தோண்டினான். குருணை தோண்டத் தோண்ட மறுபடி வழிந்து நிரம்பியது. குகன் பலகையைச் செருகினான், இன்னும் நாலு பேர் வாளியில் அள்ளி வெளியே கொட்டினார்கள். கட்டிகள் கண்ணாடி மாதிரி கூராக இருந்தன. வேலாயுதத்தின் கை கிழிந்து, கிழிந்த இடத்தில் உப்பு ஏறியது. நல்லம்மாளுக்கு எரிந்த அதே எரிச்சல்.

குமுதா கதவடியில் நின்றுகொண்டு தம்பி பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தினாள். பிறகு புருஷனைப் பார்த்து, "நீங்கதானே அள்ளினீங்க?" என்றாள்.

அவன் தோண்டுவதை நிறுத்தவில்லை.

கன்வாஸ் ஓர் இடத்தில் விறைப்பாக, கூடாரம் மாதிரி தூக்கி நின்றது. அதன் கீழே கை விட்டான். உரம் இல்லை. வெறும் காற்று. இன்னும் உள்ளே விட்டான். முடி தட்டுப்பட்டது. வியர்வையில் நனைந்த முடி.

"இருக்கான்! மூச்சு இருக்கு!"

விழும்போது கன்வாஸ் தலைக்கு மேல் மடிந்து, சுவர்த் தூணில் மாட்டி, முகத்துக்கு முன்னால் ஒரு சட்டி அளவு இடத்தைக் காத்து வைத்திருந்தது. மார்பு வரைக்கும் விடுவித்தார்கள். உதடெல்லாம் சிவப்புத் தூள். வேலாயுதம் அவன் தோளைக் கட்டிப் பிடித்துக்கொண்டான், மேலே இருப்பது இறங்கினால் தன் முதுகில் விழட்டும் என்று.

கார்த்திகேசு கண்ணைத் திறந்தான். இரண்டு முறை துப்பினான். பேச முயன்று, முடியாமல், மறுபடி முயன்றான்.

"மச்சான்... தொடாதீங்க. தீட்டு."

"வாய மூடுடா!" என்று கத்திவிட்டு வேலாயுதம் அழுதான். குகன் சிரித்தான், அவனும் அழுதான். குமுதா, "தீட்டாம் தீட்டு! ஒன்ன அடிச்சே கொன்னுருப்பேன்டா!" என்று வைதாள்.

தீயணைப்புப் பொம்பாக்காரர்கள் வந்தபோது கால் மட்டும்தான் உள்ளே இருந்தது. அதில் ஒன்று முறிந்திருந்தது. சாலையோர லோரிகளை ஒதுக்கச் சொல்லி, அவனை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போனது.

அன்று மாலை ஆஸ்பத்திரி வாசலில் யாரோ ஒருவர், தீட்டோடு உள்ளே போனதால்தான் இப்படி ஆயிற்று என்று மெதுவாக ஆரம்பித்தார். ராதாகிருஷ்ணன்தான் அவரை நிறுத்தினார். "தீட்டு இல்லங்க. நான் அள்ளச் சொன்னேன். செவுரு நிக்குதுன்னு அவன் சொன்னான், நான் கேக்கல," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேட்டதில்லை.

வேலாயுதத்தின் இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருந்தார்கள். குமுதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காலையில் கேட்ட கேள்வியை அவள் திரும்பக் கேட்கவில்லை. கசங்கிப் போன நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தாள். காலையில் கட்டியது, வாடை வந்திருந்தது. மூடிக் குப்பையில் போட்டுவிட்டு, கடையில் ஒரு ரொட்டி வாங்கி வந்து, பிய்த்து, சின்னப் பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி புருஷன் வாயில் வைத்தாள். அவன் மென்றான்.

கார்த்திகேசு இப்போது சாய்ந்து சாய்ந்து நடக்கிறான். கடப்பாறை பிடிப்பதில்லை, லோரிக்கு எடை போடுகிற அறையில் உட்கார்ந்திருக்கிறான். நீளக்கை எந்திரம் இல்லாத நாளில் அந்தக் கிடங்கில் யாரும் அள்ளுவதில்லை, வெளியே எத்தனை லோரி ஹாரன் அடித்தாலும் சரி. பூஜைக்கு எலுமிச்சம்பழம் நசுக்குவதோடு சரி, முதல் அள்ளு கிடையாது.

வேலாயுதம் இன்னும் லோடர்தான் ஓட்டுகிறான். முன்வாசல் சிலிப்பரைப் பார்த்த பிறகு கிடங்கைச் சுற்றிக்கொண்டு பின்படிக்கும் போகிறான். பின்கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள், அங்கே யாரும் நுழைய முடியாது. ஆனாலும் போய்ப் படியைப் பார்த்துவிட்டு வந்துதான் சாவியைத் திருப்புகிறான்.