தலைக்குத் தண்ணீர்

என் பெண்ணுக்கு மூன்று வயதில் பெரியம்மை போட்டது. அப்போது டாக்குரியாவில் ரயில் பாதையை ஒட்டி வாடகைக்கு இருந்தோம். தெரு முழுக்க வங்காளிகள். தமிழ் பேச என் வீட்டுக்காரரை விட்டால் எனக்கு ஆளில்லை. அலிப்பூர் கோர்ட்டில் துரைகளுக்கு எதிரே நின்று பேசுகிற மனிதர், அம்மை முத்துக்களைப் பார்த்ததும் வாயடைத்துப் போனார். வேப்பிலை பறித்து வருவதோடு சரி.

பக்கத்து வீட்டுக்காரியை நான் அவர்கள் பாஷையில் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். அவள்தான் அந்தக் கன்னியாஸ்திரீயை அழைத்து வந்தாள். வெள்ளைக்காரி. முகமெல்லாம் அம்மைத் தழும்பு. தானே பட்டுப் பிழைத்தவள் என்பதால் அம்மை வீடுகளுக்கு மடத்தில் அவளைத்தான் அனுப்புவார்களாம். திருச்சிராப்பள்ளியில் சில வருஷம் இருந்தவள், புத்தகத் தமிழ் பேசினாள். காலையில் வந்தால் சாயங்காலம் வரை பாயருகே முழந்தாளிட்டு, ஈரத்துணியால் குழந்தையின் கண்களை ஒற்றிக்கொண்டிருப்பாள். கையில் சீழ் பட்டாலும் முகம் சுளிக்கமாட்டாள். பெற்ற எனக்கே சில சமயம் குமட்டும்.

"அவாளை நம்பாதே," என்றார் என் வீட்டுக்காரர். "நீ கண்ணசந்தா, என்னத்தையோ முணுமுணுத்துக் குழந்தை தலையிலே தண்ணிய விட்டு கிறிஸ்துவ வேதத்திலே சேத்துடுவா."

தீதி சொன்னது அதைவிடப் பயங்கரம். எல்லாக் குழந்தைக்கும் விடமாட்டார்களாம். இனிப் பிழைக்காது என்று தெரிந்த குழந்தைக்குத்தான் விடுவார்களாம். எதிர்ச் சந்தில் ஒரு குழந்தைக்கு இவள் விட்டாளாம், பொழுது சாய்வதற்குள் போய்விட்டதாம்.

எங்கள் ஊரில் அம்மை இறங்கிய பிறகுதான் தலைக்குத் தண்ணீர் விடுவோம். பிழைத்ததற்கு அடையாளம் அது. இவளுக்கோ சாவுக்கு அடையாளம். அதற்கப்புறம் மதமாவது ஒன்றாவது, எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. அவள் சொம்பை எடுத்தாலே கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவேன். துணி நனைக்கத்தான் எடுப்பாள். நான் திரும்பிப் போவேன்.

ஒரு மத்தியானம் குழந்தை பாலை விழுங்கவில்லை. கண் செருகியது. அவள் நாடியைப் பார்த்தாள். சொம்பை எடுத்தாள். துணியைத் தொடவில்லை.

பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாம்மா. நீங்க விட்டா என் குழந்தை போயிடும்."

"விடாவிட்டால் கடவுளைக் காணாமலே போய்விடும், அம்மா," என்றாள். என் பிடிக்குள் அவள் கை வெடவெடவென்று நடுங்கியது. அதுவரை பயமெல்லாம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

"அது எங்கேயும் போகாது. விடாதேங்கோ," என்று அழுதேன்.

சொம்பைக் கீழே வைத்தாள். ஜபமாலையைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை அங்கேயே முழந்தாளிட்டிருந்தாள். நான் அடுப்பங்கரைக்குப் போனால் விட்டுவிடுவாளோ என்று நானும் அசையவில்லை. அன்று வீட்டில் சமையலே இல்லை.

குழந்தை பிழைத்தது. முத்துக்கள் காய்ந்து உதிர்ந்தன. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்திருந்த தண்ணீரை முற்றத்துக்கு எடுத்து வந்தபோது அவளும் வந்து நின்றாள். எனக்கு என்ன தோன்றியதோ, சொம்பை அவளிடம் நீட்டினேன்.

"நீங்களே விடுங்கோ."

என் வீட்டுக்காரர் பதறிப்போனார். வேதத்தில் சேர்க்கிற அந்த வார்த்தைகளைச் சொல்லிவிடுவாளோ என்று நானும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் தண்ணீரை மொண்டு, கண்ணீர் வழிய, உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு, குழந்தையின் தலையில் விட்டாள்.